பைதானுக்கு எந்த ஜியூஐ டூல்கிட்? திருகோணமலைக்காரர்களின் கேள்விகளுக்குப் பதில்கள்

உப்புவெளி மாணவி: அண்ணா, பைதான் அடிப்படை தெரியும். பட்டன், பெட்டி எல்லாம் வைத்து ஒரு செயலி செய்ய டிகின்டரில் தொடங்கலாமா?

தொடங்குங்கள் தங்கச்சி. ஜியூஐ டூல்கிட் என்பது பட்டன், பெட்டி எல்லாம் திரையில் வைக்க உதவும் நிரல் தொகுப்பு, டிகின்டர் அதில் ஒன்று. விண்டோஸில் பைதானை நிறுவும்போதே அதுவும் வந்துவிடும். தோற்றம் பழையதாகத் தெரிந்தால் அதோடு வரும் டிடிகே விட்ஜெட்டுகளை (புதிய தோற்றமுள்ள பட்டன், பெட்டிகளை) எடுங்கள்.

அதே மாணவி: வீட்டில் உபுண்டு. தமிழில் லேபிள் போட்டால் எழுத்துக் கலைகிறதே?

டூல்கிட் தேடும் எல்லோரையும் நான் முதலில் பார்க்கச் சொல்வது இதைத்தான். 'நிலாவெளி' என்று ஒரு லேபிளில் எழுதுங்கள். ஒருங்குறியில் 'வ' முதலிலும் ஒற்றைக்கொம்பு அதற்குப் பின்னும்தான் சேமிக்கப்படும். கொம்பை முன்னே கொண்டுவந்து காட்டுவது எழுத்தை வரையும் பகுதியின் வேலை. லினக்ஸில் டிகின்டருக்கு உள்ளே இருக்கும் டிகே 8.6 அதைச் செய்வதில்லை. விண்டோஸில் அதே நிரல் சரியாகத் தெரியும், ஏனென்றால் அங்கே விண்டோஸே எழுத்தை அடுக்கிக் கொடுக்கிறது. எழுத்தை அடுக்கிக் கொடுக்கக் கியூட்டி என்ற டூல்கிட்டுக்கு ஹார்ஃப்பஸ் இருக்கிறது, ஜிடிகே என்ற டூல்கிட்டுக்குப் பாங்கோ இருக்கிறது. இரண்டிலும் தமிழ் ஒழுங்காக வரும். தமிழைச் சிதைத்துக் காட்டுகிற டூல்கிட், படிக்க எவ்வளவு இலகுவாக இருந்தாலும், நம்முடைய ஆட்களுக்குச் செய்கிற வேலைக்கு உதவாது. நீங்கள் கியூட்டியைப் பைதானில் பயன்படுத்த உதவும் பைசைட்6க்கு மாறுங்கள்.

கிண்ணியா, நெல் ஆலைக்குக் கணக்குச் செயலி செய்பவர்: பைக்யூட்டியா, பைசைடா? விற்கப்போகிறேன். மூலநிரலைக் கொடுக்க விருப்பமில்லை.

அப்படியென்றால் பைசைட். இரண்டுக்கும் உள்ளே இருப்பது கியூட்டிதான், எழுதும் முறையும் ஏறக்குறைய ஒன்று. உரிமம்தான் வேறு. பைக்யூட்டி ஜிபிஎல் (மூலநிரலையும் கொடுக்கச் சொல்லும் உரிமம்), நிரலை மூடி வைத்து விற்க வணிக உரிமம் வாங்க வேண்டும். பைசைட் எல்ஜிபிஎல், அதன் நிபந்தனைகளைப் பின்பற்றினால் உங்கள் நிரலை மூடியே விற்கலாம். ஆனால் அதற்கு முன் ஆலையில் என்ன கணினி இருக்கிறது என்று பாருங்கள். கியூட்டி 6 ஓட 64 பிட் விண்டோஸ் 10 ஆவது வேண்டும். இன்னும் விண்டோஸ் 7 தான் என்றால் பைதான் 3.8, பழைய பைசைட்2 சோடி சரிவரும்.

அவரே: என்னிடம் லினக்ஸ் மட்டும். அதிலேயே விண்டோஸுக்கான கோப்பைச் செய்யலாமா?

முடியாது. பைதான் நிரலை ஓடும் கோப்பாக மாற்றும் பைஇன்ஸ்டாலர், தான் ஓடுகிற இயங்குதளத்துக்குத்தான் கோப்புச் செய்யும். விண்டோஸ் உள்ள நண்பரின் மடிக்கணினியை வாங்கிச் செய்யுங்கள்.

மூதூர் வாசகர்: மீன் விற்பனைக் கணக்கை அண்ட்ராய்டு போனில் எழுதக் கிவி நல்லதா?

கிவியும் ஒரு டூல்கிட்தான், இலக்கங்கள் மட்டுமென்றால் போதும். மீன் பெயர்கள் தமிழில் வரவேண்டுமென்றால் 'கெளிறு' என்று எழுதி உங்கள் போனிலேயே பாருங்கள். கொம்பு இடம் மாறினால் கிவியை விட்டுவிட்டு பைதானில் வலைத்தளம் செய்ய உதவும் ஃபிளாஸ்கில் ஒரு வலைப்பக்கம் செய்யுங்கள். அப்புறம் எழுத்தைப் போனின் பிரௌசர் பார்த்துக்கொள்ளும்.