தூரத்துக் கொத்துகளின் பூர்வீகம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

பால்வீதியின் வெளி ஓரத்தில் இருக்கும் சில விண்மீன் கொத்துகள் வேறெங்கோ பிறந்து வந்து சேர்ந்தவை என்றும், ஒளியை அளந்தே அதை ஊகிக்கிறார்கள் என்றும் எழுதியிருந்தீர்கள். நடுவில் தூசி இருக்கிறது. தூரமும் துல்லியமாகத் தெரியாது. இரண்டும் அந்த அளவைக் கெடுத்துவிடாதா?

க.

அன்புள்ள க.,

கெடுக்கும்தான். ஆனால் கொத்தில் உள்ள எல்லா விண்மீன்களையும் ஏறக்குறைய ஒரே அளவில் கெடுக்கும். அதுதான் நமக்குக் கிடைத்த பிடி.

கொத்தை இரண்டு வடிகட்டிகள் வழியாகப் படமெடுத்து, ஒவ்வொரு மீனின் பொலிவையும் இரண்டிலும் அளக்கிறார்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் நிறம். நிறத்தைக் கிடையாகவும் (வலப்பக்கம் போகப் போகச் சிவப்பு) பொலிவை நெடுக்காகவும் வைத்துப் புள்ளி குத்திப் பாருங்கள். கீழே வலப்பக்கத்திலிருந்து ஒரு பட்டை இடப்பக்கமாகச் சாய்ந்து ஏறும், ஓரிடத்தில் திரும்பி வலப்பக்கம் போகும். அந்தத் திருப்பத்தில் நிற்பவை, மையத்து ஹைட்ரஜனைத் தீர்த்துக்கொண்டிருக்கும் மீன்கள். கொத்துக்கு வயதாக ஆக, திருப்பம் கீழே இறங்கிச் சிவக்கும்.

தூரம் மொத்தப் படத்தையும் கீழே தள்ளும். தூசி கீழேயும் வலப்பக்கமும் தள்ளும். திருப்பத்துக்கும், அதைத் தாண்டி வீங்கிச் சிவந்துவிட்ட சிவப்புப் பெருமீன்களின் வரிசைக்கும் இருக்கும் இடைவெளியோ அப்படியே நிற்கும். அதை வைத்துத்தான் வயதை ஒப்பிடுகிறார்கள். 1999இல் ஹபிள் விண்வெளித் தொலைநோக்கியின் படங்களிலிருந்து பாலோமர் 3, பாலோமர் 4, எரிடானஸ் ஆகிய மூன்று கொத்துகளையும் இப்படி அளந்தார்கள். மூன்றும் சுமார் 3 லட்சம் ஒளியாண்டுத் தொலைவில் இருப்பவை. நமக்குப் பக்கத்தில் உள்ள எம்3, எம்5 கொத்துகளைவிட 150 முதல் 200 கோடி ஆண்டுகள் இளையவை என்று வந்தது, வேதிக் கலவை ஒன்றுதான் என்று வைத்துக்கொண்டால். அந்த நிபந்தனை சின்ன விஷயமில்லை. கலவை மாறினாலும் இடைவெளி மாறும்.

சரி, இளையது என்றால் வெளியூர்க்காரனா? 1978இல் வானியலாளர்கள் சியர்லும் ஜின்னும் சொன்ன கருத்துக்கு அது பொருந்துகிறது: சிறு சிறு துண்டுகளில் தனித்தனியே பிறந்த கொத்துகள், துண்டுகளோடு சேர்ந்து பால்வீதிக்குள் விழுந்தன. பொருந்துகிறது என்பதற்கு மேல் நான் போகமாட்டேன். காரணம் என்ஜிசி 2419 என்ற கொத்து. அதுவும் கிட்டத்தட்ட அதே தொலைவில்தான் இருக்கிறது, ஆனால் ஹபிள் ஒளியளவு அதற்கு, நமக்குப் பக்கத்தில் உள்ள எம்92 கொத்தின் வயதையே கொடுத்தது. வயதை மட்டும் பார்த்திருந்தால் உள்ளூர் என்று விட்டிருப்போம். அப்புறம் கையா செயற்கைக்கோள் அதன் நகர்வை அளந்தது. இப்போது அதை, பால்வீதியால் சிதைந்துகொண்டிருக்கும் தனுசுக் குறுமண்டலம் என்ற சிறு விண்மீன் மண்டலத்தோடு சேர்த்துப் பேசுகிறார்கள்.