உடம்பு நன்றாக இருக்கிற நாளில்தான் கவனம் தேவை

கேள்வி: எனக்கு வயது 43. மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்து வீட்டில் இருக்கிறோம். ஆறு வருடமாக முடக்குவாதம். டாக்டர் ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ் என்றார். அதற்கு வாரம் ஒரு முறை மெத்தோட்ரெக்சேட் மாத்திரை சாப்பிடுகிறேன். வலி இப்போது பரவாயில்லை, அசதிதான் தாங்க முடியவில்லை. தாடிகாவில் (பாலர் பள்ளியில்) உதவியாளர் வேலை. போன சனிக்கிழமை உடம்பு நன்றாக இருந்ததால் திரைச்சீலைகளைத் துவைத்து, வீட்டைக் கழுவி, முறுக்கும் சுட்டேன். ஞாயிறு, திங்கள் இரண்டு நாளும் எழவே முடியாமல் எம்சி (மருத்துவ விடுப்பு) எடுத்தேன். “பால்மரம் (ரப்பர் மரம்) வெட்டிக்கொண்டே ஐந்து பிள்ளை வளர்த்தேன், எனக்கு வராத அசதியா?” என்கிறார் மாமியார். நான் சோம்பேறி ஆகிவிட்டேனா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: இல்லை சகோதரி. சோம்பேறிக்கு இரண்டு நாள் படுத்ததை நினைத்துக் கடிதம் எழுதத் தோன்றாது.

முடக்குவாதம் மூட்டோடு நிற்கிற நோய் இல்லை. உடம்பைக் காக்க வேண்டிய எதிர்ப்பு சக்தி மூட்டையே தாக்குகிறது. அதனால் உண்டாகும் அழற்சிப் பொருள்கள், அதாவது வீக்கத்தைத் தூண்டும் பொருள்கள், ரத்தத்தில் கலந்து மூளை வரை போகின்றன. கடுமையான காய்ச்சலில் கையைத் தூக்கக்கூட மனம் வராமல் கிடப்போமே, அதற்கும் இதே வகைப் பொருள்கள்தான் காரணம். வீக்கம் குறைந்த பிறகும் பலருக்கு அசதி மட்டும் தங்கிவிடுகிறது. தூங்கி எழுந்தால் போய்விடுகிற களைப்பு இல்லை இது.

இருந்தாலும் எல்லாப் பழியையும் முடக்குவாதத்தின் மேல் போட்டுவிட வேண்டாம். ரத்தசோகை, தைராய்டு, சர்க்கரை, சரியில்லாத தூக்கம், மனச்சோர்வு என எது கூடச் சேர்ந்தாலும் அசதி இரட்டிப்பாகும். அடுத்த தேதியில் டாக்டரிடம் இதைப் பேசுங்கள். நம் பெண்கள் காலையிலிருந்து கிளினிக்கில் நம்பருக்குக் காத்திருந்து, உள்ளே போனதும் “பரவாயில்லை டாக்டர்” என்று சொல்லிவிட்டு வந்துவிடுகிறார்கள். ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். “அசதியாக இருக்கிறது” என்று மட்டும் எழுதாமல், “திங்கட்கிழமை குளிக்கும்போது பாதியில் உட்கார்ந்துவிட்டேன்” என்பது போல நடந்ததை எழுதுங்கள். அப்போதுதான் டாக்டருக்கு அளவு புரியும். இரும்புச்சத்து மாத்திரையை நீங்களாக வாங்கிச் சாப்பிட வேண்டாம். நீண்டநாள் அழற்சியால் வரும் ரத்தசோகை இரும்புச்சத்துக் குறைவு இல்லாமலும் வரும், அதற்கு அந்த மாத்திரை பயன்படாது.

மெத்தோட்ரெக்சேட் சாப்பிட்ட மறுநாள் சிலருக்கு உடம்பு அடித்துப் போட்டாற்போல் இருக்கும். உங்களுக்கும் அப்படியென்றால், வெள்ளிக்கிழமை இரவுக்கு மாற்றலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள். சனிக்கிழமை வேலை இல்லாததால் சமாளிக்கலாம். மெத்தோட்ரெக்சேட்டோடு சேர்த்துக் கொடுக்கும் ஃபோலிக் ஆசிட் மாத்திரையை எந்த நாளில் சாப்பிட வேண்டும் என்பதையும் அப்போதே கேட்டுக்கொள்ளுங்கள். வாரம் ஒரு முறை என்ற கணக்கை மட்டும் எக்காரணத்துக்காகவும் மாற்றாதீர்கள். அந்த மாத்திரையைத் தவறுதலாகத் தினமும் சாப்பிட்டால் உயிருக்கே ஆபத்து.

சரி, சனிக்கிழமை விஷயத்துக்கு வருவோம். எனக்கு முக்கியமாகப் படுவது அதுதான். அசதியான நாளில் உடம்பே உங்களைப் படுக்க வைத்துவிடுகிறது. நன்றாக இருக்கிற நாளில் தடுக்க ஆள் இல்லை. தேங்கிக் கிடந்த வேலை எல்லாம் கண்ணில் படுகிறது, மாமியாரின் பேச்சும் காதில் ஒலிக்கிறது, ஒரே நாளில் எல்லாவற்றையும் முடித்துவிடப் பார்க்கிறீர்கள்.

உங்கள் மாமியாருக்கே தெரிந்த கணக்கு ஒன்று உண்டு. பால்மரத்தை வழக்கமாக ஒருநாள் விட்டு ஒருநாள்தான் வெட்டுவார்கள். இன்று நிறையப் பால் வடிகிறதே என்று ஓய்வே கொடுக்காமல் வெட்டிக்கொண்டே இருந்தால் வெட்டுப்பட்டை காய்ந்து பால் நின்றுபோகும். அவரிடம் இதைச் சொல்லிப் பாருங்கள், சண்டை போடுகிற குரலில் வேண்டாம். விடியுமுன் எழுந்து மரம் வெட்டிய காலத்தில் அவருக்கும் அசதி இருந்திருக்கும், சொல்ல இடம் இருந்திருக்காது. அதையும் கேளுங்கள்.

நடைமுறைக்கு வருகிறேன். துணி தேய்க்க நின்றால் அரை மணி நேரத்தில் தளர்ந்துவிடுகிறீர்கள் என்றால் இருபது நிமிடத்திலேயே நிறுத்துங்கள். “இன்னும் இரண்டு சட்டைதானே” என்று தோன்றும், அந்த இரண்டு சட்டைதான் மறுநாளைக் கெடுக்கிறது. முடியாமல் போன பிறகு ஓய்வெடுப்பதைவிட, முடிகிறபோதே உட்காருவது பல மடங்கு நல்லது. திரைச்சீலையை வாரம் ஓர் அறை என்று பிரியுங்கள். ஈரத்தில் கனக்கிற துணியைப் பிழிந்து கொடியில் போடுவது உங்கள் வேலை இல்லை, அதற்கு வீட்டில் வேறு கைகள் இருக்கின்றன. அடுப்படியில் உயரமான ஸ்டூல் ஒன்று போட்டுக் காய் நறுக்குவதை உட்கார்ந்தே செய்யுங்கள். கடையில் கோழியை வெட்டியே கொடுக்கச் சொல்லுங்கள். தீபாவளிக்கு முறுக்கு சுட ஆசைதான், சுடுங்கள். ஆனால் அச்சை அழுத்துவது வீங்கிய விரல்களுக்குப் பெரிய தண்டனை, அதைக் கணவரோ பிள்ளைகளோ செய்யட்டும்.

பகலில் இருபது, முப்பது நிமிடம் படுத்தால் போதும். இரண்டு மணி நேரம் தூங்கினால் இரவுத் தூக்கம் கெடும், அசதி இன்னும் கூடும். அப்புறம், வெயில் தாழ்ந்ததும் பத்து நிமிடம் நடங்கள். அசதியில் இருப்பவரை நடக்கச் சொல்வது கொடுமையாகத் தோன்றலாம். ஆனால் மெதுவாகத் தொடங்கி, கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுகிற உடற்பயிற்சி முடக்குவாத அசதியைக் குறைக்கிறது என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. மூட்டு வீங்கியிருக்கிற நாளில் விட்டுவிடலாம்.

ஒன்று கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். பாசார் மாலாமிலும் (இரவுச் சந்தையிலும்) ஃபேஸ்புக்கிலும் “மூட்டுவலி, அசதி ஒரே வாரத்தில் போகும்” என்று விற்கும் ஜாமு, மாஜுன் போன்ற நாட்டு மருந்துகள் பக்கம் போகாதீர்கள். இப்படிப்பட்டவற்றில் டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு கலந்திருப்பதை நம் சுகாதார அமைச்சு பலமுறை கண்டுபிடித்து எச்சரித்திருக்கிறது. சாப்பிட்டதும் பறக்கிற மாதிரி தெம்பு வருவது அதனால்தான். சர்க்கரை ஏறும், எலும்பு தேயும். ஏற்கெனவே சாப்பிட்டுக்கொண்டிருந்தால் பயந்துபோய் நீங்களாகத் திடீரென்று நிறுத்தவும் கூடாது. அதுவே உடம்பைக் கவிழ்த்துவிடும். பாட்டிலோடு டாக்டரைப் பாருங்கள், திட்டினாலும் பரவாயில்லை.

அசதியோடு காய்ச்சல், வாய்ப்புண், வறட்டு இருமல், மூச்சுத் திணறல், கண் மஞ்சளாவது இவற்றில் எது வந்தாலும் அடுத்த தேதி வரை காத்திருக்காதீர்கள். அடுத்த மெத்தோட்ரெக்சேட் மாத்திரையைப் போடுவதற்கு முன்பே, அன்றைக்கே கிளினிக்குக்குப் போய்விடுங்கள். மூச்சு வாங்கினால் நேரே மருத்துவமனை அவசரப் பிரிவுக்குப் போங்கள்.