பழி ஆங்கிலத்தின் மேலா?

கேள்வி: விமானிக்கும் தரைக் கட்டுப்பாட்டு அறைக்கும் இடையே பேச்சு விளங்காமல் போனதால் விபத்து என்று அவ்வப்போது படிக்கிறோம். இவ்வளவு படித்தவர்களுக்கு ஆங்கிலம் கூடவா ஒழுங்காக வராது? வராதவர்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டால் தீர்ந்ததே!

பதில்: முதலில் யாரை அனுப்பப் போகிறீர்கள்? 1989 பிப்ரவரியில் கோலாலம்பூரில் இறங்கவிருந்த ஃப்ளையிங் டைகர் சரக்கு விமானத்தில் இருந்தவர்கள் அமெரிக்கர்கள். அவர்களுக்கு ஆங்கிலம் கற்றுக்கொடுக்க வேண்டுமா என்ன! 2,400 அடிக்கு இறங்கச் சொல்ல நினைத்த கட்டுப்பாட்டாளர், இலக்கங்களைத் தனித்தனியாக 'டூ ஃபோர் ஸீரோ ஸீரோ' என்றார். முதலில் வந்த 'டூ' (two), எண்ணாக விழாமல், 'அந்த உயரத்துக்கு' என்னும் பொருள் தரும் 'டு' (to) என்ற சொல்லாகக் காதில் விழுந்தது. 'ஓகே, ஃபோர் ஸீரோ ஸீரோ' என்று திருப்பிச் சொன்னார்கள். அதாவது 400 அடி. கட்டுப்பாட்டாளர் திருத்தவில்லை. தரை நெருங்குகிறது என்று கருவி கத்தியதையும் விமானத்தில் யாரும் பொருட்படுத்தவில்லை. குன்றில் மோதி நால்வரும் இறந்தார்கள்.

ஸ்பெயினுக்குச் சொந்தமான டெனெரிஃப் தீவில் நடந்த விபத்துக்கு வருவோம். 1977 மார்ச் 27. இரண்டு ஜம்போ விமானங்கள், ஒரே ஓடுபாதை, எதிரே இருப்பது தெரியாத மூடுபனி. 583 உயிர்கள் போயின. டச்சு கே.எல்.எம். விமானத்துக்குக் கிடைத்தது, மேலேறிய பின் எந்த வழியில் போக வேண்டும் என்ற பாதை அனுமதி மட்டுமே. புறப்பட அனுமதி கிடைக்கவில்லை. ஆனால் அந்தப் பாதை அனுமதிக்குள்ளேயே 'டேக்-ஆஃபுக்குப் பின் வலப்பக்கம் திரும்பவும்' என்று ஒரு வரி இருந்தது. துணை விமானி அதைத் திருப்பிச் சொல்லி முடிப்பதற்குள் கேப்டன் விமானத்தை நகர்த்திவிட்டார். துணை விமானி கடைசியில், 'இப்போது டேக்-ஆஃபில் இருக்கிறோம்' என்பதுபோல் எதையோ அவசரமாகச் சேர்த்தார். ஓடத் தொடங்கிவிட்டோம் என்கிறாரா, தயாராக நிற்கிறோம் என்கிறாரா? நிற்கிறார்கள் என்றே எடுத்துக்கொண்ட கட்டுப்பாட்டாளர் 'ஓகே' என்றார். சற்று நிறுத்தி, 'டேக்-ஆஃபுக்குக் காத்திருங்கள், நான் கூப்பிடுகிறேன்' என்றார். அதே நொடியில் இன்னொரு ஜம்போவான அமெரிக்கப் பான் ஆம் விமானம், 'நாங்கள் இன்னும் ஓடுபாதையில்தான் போய்க்கொண்டிருக்கிறோம்' என்றது. அந்த வானொலியில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேசலாம். இருவர் ஒன்றாகப் பொத்தானை அழுத்தினால் கேட்பவருக்குக் கிடைப்பது கீச்சொலி. கே.எல்.எம். விமானிகளின் காதில் தெளிவாக விழுந்தது அந்த 'ஓகே' மட்டும்தான்.

இதுவரை மொழியைக் குறை சொல்லுங்கள், ஒத்துக்கொள்கிறேன். அடுத்து நடந்ததற்கு எந்த மொழியைக் குறை சொல்வீர்கள்? ஓடுபாதையிலிருந்து விலகியதும் தெரிவிக்கும்படி பான் ஆமுக்குச் சொன்னது கே.எல்.எம். விமானத்திலும் கேட்டது. விமானிகளோடு இருந்த விமானப் பொறியாளருக்குச் சந்தேகம் வந்தது. 'அந்த பான் ஆம் இன்னும் விலகவில்லையா?' என்று கேட்டார். 'விலகிவிட்டதே!' என்று கேப்டன் அடித்துச் சொன்னார். மூவரும் டச்சுக்காரர்கள், பேசியதும் டச்சில். அந்தக் கேப்டன் நிறுவனத்தின் விமானிகளுக்குப் பயிற்சி கொடுக்கும் பெரியவர். பக்கத்தில் இருந்த துணை விமானி அண்மையில்தான் அவரிடம் தேறி வந்தவர். அதற்கு மேல் யார் வாயைத் திறப்பார்கள்?

1990 ஜனவரி 25 அன்று நியூயார்க்கில் நடந்த விபத்தில் உங்கள் கட்சிக்குக் கொஞ்சம் பலம் உண்டு. கொலம்பியாவிலிருந்து வந்த ஆவியாங்கா விமானத்தை ஒரு மணி நேரத்துக்கு மேல் வானிலேயே சுற்றவைத்திருந்தார்கள். கேப்டனுக்கு ஆங்கிலம் போதாது. பேசியவர் துணை விமானி. ஒருமுறை இறங்க முயன்று முடியாமல் மேலேறியபோது, எமர்ஜென்சி என்று சொல்லும்படி கேப்டன் ஸ்பானிஷில் உத்தரவிட்டார். துணை விமானி சொன்னது: 'எரிபொருள் தீர்ந்துகொண்டிருக்கிறது.' பள்ளிக்கூடத்தில் இந்த வாக்கியத்துக்கு முழு மதிப்பெண் கிடைக்கும். ஆனால் அன்றிரவு அங்கே காத்திருந்த எல்லா விமானங்களிலும் எரிபொருள் தீர்ந்துகொண்டுதான் இருந்தது. 'எமர்ஜென்சி' என்றோ 'மேடே' என்றோ காதில் விழுந்தால்தான் கட்டுப்பாட்டாளர் மற்றவர்களை ஒதுக்கி வழிவிடுவார். அந்தச் சொல் கடைசிவரை வரவில்லை. இன்னும் 15 மைல் சுற்றிக் கொண்டுவருகிறேன், எரிபொருள் தாங்குமா என்று கட்டுப்பாட்டாளர் கேட்டார். 'தாங்கும் என்று நினைக்கிறேன், மிக்க நன்றி' என்று பதில் போனது. பிறகு நான்கு இன்ஜின்களும் அணைந்தன. 73 பேர் இறந்தார்கள். இதை மொழிக் குறைவு என்று என்னால் சொல்ல முடியவில்லை. அந்தத் துணை விமானி நேற்று வந்த விருந்தாளியைப் போல் கூச்சப்பட்டுக்கொண்டு நின்றிருக்கிறார், பாவம்.

வீட்டுக்கு அனுப்பும் உங்கள் வைத்தியத்தின் லட்சணமும் இங்கேதான் வெளிப்படுகிறது. 'புரியவில்லை, இன்னொரு முறை சொல்லுங்கள்' என்பவருக்கு வேலை போகும் என்றால், அடுத்தவர் புரிந்ததாகத் தலையாட்டிவிட்டுப் போவார். அதைவிட ஆபத்து வேறு கிடையாது.

விமானத் துறை சும்மாவும் இருந்துவிடவில்லை. டெனெரிஃபுக்குப் பிறகு, 'டேக்-ஆஃப்' என்ற சொல்லைப் புறப்பட அனுமதி கொடுக்கும்போதும் அதை ரத்துச் செய்யும்போதும் மட்டுமே பயன்படுத்துவது வழக்கமாயிற்று. முக்கியமான உத்தரவை விமானி திருப்பிச் சொல்ல வேண்டும், கட்டுப்பாட்டாளர் அதைக் காதுகொடுத்துக் கேட்கவும் வேண்டும். இரண்டாவது பாதிதான் அடிக்கடி கோட்டைவிடப்படுகிறது. அடுத்த விமானத்துக்கு என்ன சொல்வது என்று மனம் அதற்குள் ஓடிவிடுகிறது.

நீங்கள் கேட்ட ஆங்கிலத் தேர்வும் 2008 மார்ச் முதல் நடைமுறையில் இருக்கிறது. விமானி, கட்டுப்பாட்டாளர் இருவருக்கும்தான். ஆறு நிலைகளில் நான்காவதையாவது எட்டியிருக்க வேண்டும். நான்காம் நிலையில் இருப்பவர் மூன்று ஆண்டுக்கு ஒருமுறை மீண்டும் தேற வேண்டும். ஆறாம் நிலையை எட்டியவருக்கு மறுதேர்வே கிடையாது. விதித்த வாசகங்களை விட்டுவிட்டு, வீட்டுத் திண்ணையில் பேசுவதுபோல் கடகடவென்று பொழியும் தாய்மொழிக்காரர்கள் பெரும்பாலும் அந்த ஆறாம் நிலையில்தான் இருக்கிறார்கள்.