சான்றிதழில் முத்திரை யாருடையது?

பிளஸ் டூ முடிவுக்குப் பிறகு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் லேப் டெக்னீசியன் படிப்பைப் பற்றித்தான். படிப்பையும் காசு கொடுத்துத்தானே வாங்குகிறோம்? இந்த நுகர்வோர் கேள்வி-பதில் பகுதியில் இந்த வாரம் அந்தக் கடிதங்களுக்கே இடம்.

கேள்வி: மகள் பயாலஜி குரூப். பக்கத்து மாவட்டத்தில் ஒரு தனியார் நிறுவனத்தில் இரண்டு வருட டி.எம்.எல்.டி.க்கு (லேப் டெக்னீசியன் டிப்ளமோ) வருடம் 70,000 ரூபாய், விடுதிக்கு 45,000. நூறு சதவீதம் வேலை என்கிறார்கள். சேர்க்கலாமா?
– ஒரு தாய், விருத்தாசலம்

பதில்: மொத்தம் 2,30,000 ரூபாய் ஆகிறது, அம்மா. முதலில் உங்கள் ஊரில் மூன்று லேப்களுக்குப் போய், புதிதாகச் சேருகிறவருக்கு என்ன சம்பளம், எங்கே படித்தவர்களை எடுக்கிறீர்கள் என்று கேளுங்கள். பேச்சுக்கு 10,000 என்று வைத்துக்கொள்வோம். பஸ், சாப்பாடு எல்லாம் போக மாதம் 3,000 மிச்சம் பிடித்தாலும், போட்ட பணம் திரும்ப ஆறு வருடத்துக்கு மேல் ஆகும். கல்விக் கடன் என்றால் வட்டி தனி. படிக்கும்போது தவணை கட்ட வேண்டாம், ஆனால் வட்டி ஓடிக்கொண்டுதான் இருக்கும்.

இதே டிப்ளமோ அரசு மருத்துவக் கல்லூரிகளிலும் உண்டு. கட்டணம் இதில் சிறு பங்குதான். அந்த விண்ணப்பத்தை முதலில் போடுங்கள், கிடைக்காவிட்டால் அப்புறம் தனியாரைப் பார்க்கலாம். நூறு சதவீத வேலையை லெட்டர்பேடில் எழுதிக் கேட்டுப் பாருங்கள். பேச்சு மாறும்.

கேள்வி: ஆறு மாதத்தில், முழுக்க ஆன்லைனில் லேப் டெக்னீசியன் படிப்பு. 12,000 ரூபாய் மலிவுதானே?

பதில்: நரம்பு தேடி ஊசி போடுவதைச் செல்போனில் பார்த்துக் கற்றவரிடம் உங்கள் கையை நீட்டுவீர்களா?

கேள்வி: வாட்ஸ்ஆப்பில் வந்த கன்சல்டன்சிக்கு சீட் அட்வான்ஸ் 15,000 ரூபாய் ஜிபே செய்தேன். எந்தக் கல்லூரி என்று அப்புறம் சொல்வதாகச் சொன்னார். இப்போது போன் எடுப்பதில்லை.

பதில்: கத்தரிக்காயைக்கூடப் புரட்டிப் பார்த்துத்தான் வாங்குகிறோம். கல்லூரியின் பெயர்கூடத் தெரியாமலா பணம் அனுப்புவது? சரி, ஜிபே பதிவு இருக்கிறது. இன்றே சைபர் மோசடிப் புகார் எண் 1930-க்குக் கூப்பிடுங்கள். நாள் போகப் போகப் பணம் கை மாறிவிடும்.

கேள்வி: இரண்டு வருடம் படித்து முடித்தேன். எம்.ஆர்.பி. (தமிழக அரசின் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம்) லேப் டெக்னீசியன் வேலைக்குப் போட்டால் என் சான்றிதழ் செல்லாது என்கிறார்கள். நிறுவன வாசலில் ‘மத்திய அரசில் பதிவு பெற்றது, ஐஎஸ்ஓ தரச்சான்று பெற்றது’ என்று பெரிய போர்டு இருக்கிறது.
– மாணவர், அருப்புக்கோட்டை

பதில்: தம்பி, உங்கள் மேல் தப்பில்லை. அந்த போர்டுக்கும் எனக்கும் பழைய பகை. 1998-இல் இப்படி ஒரு போர்டை நம்பி 8,500 ரூபாய் கட்டி ஹார்டுவேர் டிப்ளமோ வாங்கினேன். எந்த ஆபீசிலும் அதை யாரும் இரண்டாம் முறை திரும்பிப் பார்க்கவில்லை. போட்ட ஃபிரேம் மட்டும் நல்ல தேக்கு. இப்போது அதில் முருகன் இருக்கிறார்.

பதிவு வேறு, அங்கீகாரம் வேறு. டிரஸ்ட் ஆரம்பித்தாலும் பதிவுதான். சிறுதொழில் என்று உத்யம் தளத்தில் பதிந்தால் அது மத்திய அரசுப் பதிவு. மிளகாய்ப்பொடி அரைத்து விற்கிறவருக்கும் அது கிடைக்கும். ஐஎஸ்ஓ 9001 ஒரு நிறுவனத்தின் நிர்வாக முறைக்குத் தரப்படுவது. சான்றிதழ் வேலைக்குச் செல்லுமா என்பதற்கும் அதற்கும் சம்பந்தமே கிடையாது. தேர்வு வைத்து முத்திரை குத்துவது யார் என்பதைத்தான் கேட்க வேண்டும். பட்டத்தைப் பல்கலைக்கழகம்தான் தர முடியும், அது 1956-ஆம் வருட யூஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) சட்டம். டிப்ளமோ என்றால், பழைய எம்.ஆர்.பி. அறிவிப்பு ஒன்றை எடுத்து எந்தச் சான்றிதழை ஏற்கிறார்கள் என்று படித்துவிட்டுப் பணம் கட்ட வேண்டும். இதையெல்லாம் பதினேழு வயதுப் பிள்ளைக்கு யார் சொல்லித் தருகிறார்கள்?

உங்களுக்கு வழி இருக்கிறது. அங்கீகாரம் இல்லாமலே மாணவர்களைச் சேர்த்த ஒரு பாட்னா பல் மருத்துவக் கல்லூரியின் வழக்கில், அது சேவைக் குறைபாடுதான் என்று 2009-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. ரசீது, விளம்பர நோட்டீஸ், அந்த போர்டின் போட்டோ எல்லாவற்றோடும் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போங்கள். கட்டிய பணம் 5 லட்சம் வரை என்றால் மனுவுக்குக் கட்டணம் இல்லை. இரண்டு வருடக் கெடு உண்டு, தள்ளிப்போடாதீர்கள்.

கேள்வி: பி.எஸ்சி. எம்.எல்.டி. (லேப் படிப்பில் பட்டம்) சேர்ந்த பத்தாம் நாள் வேறு இடத்தில் சீட் கிடைத்தது. முழுக் கட்டணமும் கட்டினால்தான் அசல் மதிப்பெண் சான்றிதழ் என்கிறது கல்லூரி.

பதில்: கல்லூரி என்ன அடகுக் கடையா? அசலைப் பிடித்துவைக்கக் கூடாது என்று யூஜிசி 2018-லேயே அறிவித்துவிட்டது. சேர்க்கையின் கடைசித் தேதி முடிந்து 15 நாளுக்குள் விலகினால்கூட 80 சதவீதம் திரும்பத் தர வேண்டும், 30 நாளுக்குள் என்றால் பாதி. அந்த அறிவிக்கையைக் குறிப்பிட்டுப் பதிவுத் தபாலில் கடிதம் போடுங்கள். நகலைப் பல்கலைக்கழகத்துக்கும் யூஜிசிக்கும் அனுப்புங்கள்.

கேள்வி: டிப்ளமோ முடித்ததும் சொந்த லேப் வை, அதில்தான் காசு என்கிறார் சித்தப்பா. ரத்தப் பரிசோதனை செய்யும் பழைய அனலைசர் மெஷின் ஒன்று பாதி விலைக்கு வருகிறதாம்.

பதில்: ரிப்போர்ட்டில் யார் கையெழுத்துப் போடுவது என்று சித்தப்பாவைக் கேளுங்கள். நோயியலில் முதுநிலை படித்த மருத்துவர்தான் போட வேண்டும் என்று 2017-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அவருக்கு மாதம் எவ்வளவு தரப்போகிறீர்கள்? அனலைசரைப் பற்றி நான் சொல்ல ஒன்றுமில்லை. பாதி விலைக்கு நான் வாங்கிய பழைய வாஷிங் மெஷின் ஐந்து மாதத்தில் மூன்று மெக்கானிக்குகளைப் பார்த்துவிட்டது.