பைக்கில் தனியாக மாட்டும் ஃபியூயல் இன்ஜெக்‌ஷன் மாட்யூலை வீட்டிலேயே டியூன் செய்யலாமா?

செய்யலாம், அவசரப்படாமல் இருந்தால். பெட்ரோலை எவ்வளவு நேரம் பீய்ச்ச வேண்டும் என்று இன்ஜெக்டருக்குச் சொல்வது பைக்கின் இசியு, அதாவது இன்ஜினைக் கட்டுப்படுத்தும் குட்டிக் கணினி. இரண்டுக்கும் நடுவே நாம் மாட்டும் சின்னப் பெட்டிதான் இந்த மாட்யூல்; அது அந்த நேரத்தைக் கொஞ்சம் கூட்டும் அல்லது குறைக்கும்.

ஏன் தேவை? ஒரு கிராம் பெட்ரோல் முழுதாக எரிய சுமார் 14.7 கிராம் காற்று வேண்டும். காற்றை எளிதாக விடும் சைலன்சர், ஏர் ஃபில்டர் போட்டால் காற்று கூடும், பெட்ரோல் போதாமல் இன்ஜின் சூடாகும். கேஸ் அடுப்பைப் பாருங்கள்: காற்று சரியாகக் கலந்தால் நீலச் சுடர், குறைந்தால் மஞ்சள் சுடர், பாத்திரத்தடியில் கரி.

அதே கரியை ஸ்பார்க் பிளக்கிலும் பார்க்கலாம். தண்டையார்பேட்டையில் எங்கள் வாசலில் வண்டியை நன்றாக ஆறவிட்டு நான் முதலில் கழற்றுவது அதைத்தான். நுனி இளம்பழுப்பு என்றால் சரி. சுண்ணாம்பு வெள்ளை என்றால் பெட்ரோல் போதவில்லை. கறுப்பாகக் கரி படிந்திருந்தால் அதிகம். ஒரு தடவைக்குப் பெட்ரோல் அளவை 2 அல்லது 3 சதவீதம் மட்டும் மாற்றி, ஓட்டிப் பார்த்து, அப்புறம் அடுத்தது. எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே முழு ஆக்ஸிலேட்டர் சோதனை வேண்டவே வேண்டாம்.

பெட்ரோலைக் கூட்டக் கூட்டப் பவர் ஏறும் என்று பலர் நினைக்கிறார்கள். காற்றுக்கு மிஞ்சிய பெட்ரோல் முழுதாக எரியாமல் புகையாகத்தான் வெளியேறும், மைலேஜும் குறையும்.