பிழைதிருத்தும் செயலிக்குச் சந்தா கட்டலாமா?

கேள்வி: ஜூரோங்கில் சரக்குப் போக்குவரத்து நிறுவனம் ஒன்றில் எழுத்தராக இருக்கிறேன். நாள் முழுக்க ஆங்கில மின்னஞ்சல்தான். தமிழ் பேசும் வீட்டில் வளர்ந்தவள் என்பதால் இலக்கணம் பிசகிவிடுமோ என்ற பயம் போகவில்லை. ஆங்கிலப் பிழைதிருத்தும் செயலியான கிராமர்லியின் இலவசப் பதிப்பை வைத்திருக்கிறேன். எதை எழுதினாலும், "இன்னும் சில பரிந்துரைகள் உள்ளன, சந்தா கட்டினால் காட்டுகிறேன்" என்கிறது. கட்டலாமா? – வாசகி, உட்லண்ட்ஸ்

பதில்: இப்போதைக்குக் கட்டாதீர்கள். பூட்டி வைத்திருக்கும் அந்தப் பரிந்துரைகளில் பெரும்பாலானவை பிழைகளே அல்ல. எழுத்துப்பிழை, எழுவாய்க்குப் பொருந்தாத வினை, விட்டுப்போன கால்புள்ளி ஆகியவற்றை இலவசப் பதிப்பே சொல்லிவிடும். வாக்கியத்தைச் சுருக்கு, வேறு சொல் போடு, தொனியை மென்மையாக்கு என்பவைதான் காசுக்கு. "கொள்கலன் நாளை காலை வந்து சேரும்" என்று தெரிவிக்கும் மின்னஞ்சலுக்கு இந்த அலங்காரம் எதற்கு?

விலையையும் கவனியுங்கள். பல காலமாக அவர்கள் பெரிதாகக் காட்டும் மாதம் 12 அமெரிக்க டாலர் என்பது, ஓராண்டுத் தொகையான 144 டாலரை மொத்தமாகக் கட்டுபவர்களுக்கு மட்டும். மாதாமாதம் கட்டினால் 30 டாலர். வெளிநாட்டு மின்னிலக்கச் சேவைகளுக்கும் 2020 முதல் இங்கே சிங்கப்பூரில் பொருள் சேவை வரி உண்டு. இப்போது அது 9 விழுக்காடு. கடன்பற்று அட்டையில் அந்நிய நாணயத்துக்காக வங்கி பிடிக்கும் கட்டணம் தனி. எல்லாம் சேர்ந்தால் ஆண்டுச் சந்தா 200 சிங்கப்பூர் வெள்ளியைத் தாண்டிவிடும். கட்டும் நாளில் விலைப் பக்கத்தை மறுபடி பாருங்கள், அடிக்கடி மாற்றுகிறார்கள்.

உங்கள் அலுவலகக் கணினியில் மைக்ரோசாஃப்ட் வேர்டும் அவுட்லுக்கும் இருந்தால், பிழைதிருத்தி ஒன்றுக்கு முதலாளி ஏற்கெனவே பணம் கட்டியாகிவிட்டது. பலர் அதை ஒழுங்காக அமைத்துக்கொள்வதில்லை, அவ்வளவுதான். மொழியைச் சிங்கப்பூர் ஆங்கிலம் அல்லது பிரிட்டிஷ் ஆங்கிலம் என்று மாற்றுங்கள். அமெரிக்க ஆங்கிலத்தில் விட்டுவிட்டால் 'கலர்', 'சென்டர்' போன்ற சொற்களில் நம் பள்ளிக்கூட எழுத்துக்கூட்டலுக்கெல்லாம் சிவப்புக்கோடு விழும். தோ பாயோ, புக்கிட் பாத்தோக் போன்ற இடப்பெயர்கள், வாடிக்கையாளர் பெயர்கள் ஆகியவற்றைச் சொந்த அகராதியில் சேர்த்துவிடுங்கள். பொய்யான கோடுகள் நிறைந்த பக்கத்தில் உண்மையான கோடு கண்ணில் படாது.

அப்படியும் ஆசை விடவில்லையென்றால் ஒரு சோதனை செய்யுங்கள். நீங்கள் முன்பு அனுப்பியவற்றில், மேலதிகாரி திருத்திக் கொடுத்த சில மின்னஞ்சல்களை எடுங்கள். வாடிக்கையாளர் பெயர், தொகை, கணக்கு எண்களை அழித்துவிட்டு, திருத்துவதற்கு முன்பிருந்த வடிவத்தைக் கருவியில் போடுங்கள். அவர் கண்டுபிடித்ததில் எத்தனையைக் கருவி பிடிக்கிறது? சரியானதில் எத்தனையைக் கெடுக்கிறது? 'மேனேஜர்' என்ற ஆங்கிலச் சொல்லில் இரண்டாவது 'ஏ' விட்டுப்போனால் மாட்டுத் தொட்டி என்று பொருள்படும் இன்னொரு சரியான சொல் வந்துவிடும். சொல்லை மட்டும் பார்க்கும் கருவி அதைத் தாண்டிப் போய்விடும். தேதி, எடை, கொள்கலன் எண் தப்பாக இருந்தால் எந்தச் சந்தாவும் உங்களைக் காப்பாற்றாது. சரக்கு வேலையில் வம்பு வருவதோ பெரும்பாலும் அங்கேதான்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்கிறேன், ஏனென்றால் எனக்குக் காசைவிட இதுதான் கவலை. இத்தகைய கருவிகள் நீங்கள் தட்டச்சு செய்வதைத் தங்கள் சேவையகத்துக்கு அனுப்பித்தான் சரிபார்க்கின்றன. 2018 பிப்ரவரியில் கிராமர்லியின் உலாவி நீட்சியில் (இணைய உலாவியோடு சேர்த்துக்கொள்ளும் துணைச் செயலியில்) ஓர் ஓட்டை இருப்பதைக் கூகல் ஆய்வாளர் டாவிஸ் ஓர்மண்டி கண்டுபிடித்தார். பயனர் திறக்கும் எந்த இணையத்தளமும் அவருடைய கிராமர்லி ஆவணங்களை எட்டிப் பார்க்க அது வழிவிட்டது. உடனே அடைத்துவிட்டார்கள், உண்மைதான். ஆனாலும் வாடிக்கையாளரின் அடையாள அட்டை எண்ணும் சம்பள விவரமும் உள்ள கடிதத்தை அலுவலக அனுமதியில்லாமல் அதில் ஓட்டாதீர்கள். குரோம் உலாவியில் இருக்கும் எழுத்துச் சரிபார்ப்பிலும் அடிப்படை, மேம்பட்டது என்று இரண்டு உண்டு. மேம்பட்டதைத் தேர்ந்தெடுத்தால் நீங்கள் எழுதுவது கூகலுக்குப் போகும். லாங்குவேஜ்டூல் என்ற திறமூலக் கருவியைச் சொந்தக் கணினியிலேயே நிறுவி ஓட்டலாம். கொஞ்சம் கணினி தெரிந்தவர் உதவி வேண்டியிருக்கும்.

கேள்வி: மகன் உயர்நிலை இரண்டில் படிக்கிறான். தமிழ்க் கட்டுரையில் ஒற்றுப்பிழைக்கே மதிப்பெண் போகிறது. இதற்கு ஏதாவது மென்பொருள் வாங்கலாமா? – வாசகர், செங்காங்

பதில்: வாங்குவதற்கு முன் இலவசமாகக் கிடைப்பதைப் பாருங்கள் ஐயா. நீச்சல்காரன் உருவாக்கிய இரண்டு கருவிகள் இணையத்தில் இருக்கின்றன. 'வாணி' எழுத்துப்பிழையைப் பார்க்கும், 'நாவி' சந்திப்பிழையை, அதாவது ஒற்று மிகும், மிகா இடங்களைப் பார்க்கும். உங்கள் மகனுக்கு வேண்டியது நாவி. லாங்குவேஜ்டூலிலும் தமிழ் உண்டு, ஆனால் ஆங்கிலத்துக்கு இருக்கும் அளவு விதிகள் அதில் இல்லை.

தமிழுக்குக் கருவி செய்வது லேசான வேலையில்லை. 'போகவேண்டியிருந்ததால்' போன்ற சொற்களையெல்லாம் அகராதியில் அடுக்கி மாளாது. வேரையும் விகுதியையும் பிரித்துப் பார்க்கும் திறமை மென்பொருளுக்கு வேண்டும். அது இருந்தாலும் பொருள் தெரியாவிட்டால் தடுமாறும். 'வேலை கொடுத்தான்' என்றால் பணி கொடுத்தான். 'வேலைக் கொடுத்தான்' என்றால் வேலாயுதத்தைக் கொடுத்தான். இரண்டும் சரி, எது வேண்டும் என்பது எழுதியவனுக்குத்தான் தெரியும். 'வீட்டுக் கூறை ஒழுகியது' என்று மகன் எழுதினால், கூறைப் புடவையில் அந்தச் சொல் இருப்பதால் கருவி பேசாமல் இருந்துவிடக்கூடும்.

அதனால் கட்டுரையை அவன் முதலில் தாளில் எழுதட்டும். பிறகு தட்டச்சு செய்து நாவியில் போடட்டும். அது காட்டும் இடங்களைத் தாளில் அவனே சிவப்பு மையால் திருத்தி, ஏன் ஒற்று மிகுந்தது என்று ஓரத்தில் ஒரு வரி எழுதட்டும். காரணம் புரியாத இடங்களை ஆசிரியரிடம் கேட்கலாம். பொத்தானை அமுக்கித் திருத்திய கட்டுரையை நகலெடுத்துக் கொடுத்தால் வீட்டுப்பாடத்தில் மதிப்பெண் ஏறும், தேர்வில் பழைய இடத்துக்கே வந்துவிடும்.

கேள்வி: ஏழு நாள் இலவசம் என்று ஓர் எழுத்துத் திருத்தச் செயலியை ஐபோனில் போட்டேன். பிடிக்கவில்லை, அன்றே அழித்துவிட்டேன். இப்போது ஆண்டுச் சந்தா பிடித்திருக்கிறார்கள். திரும்பக் கிடைக்குமா? – வாசகி, ஈசூன்

பதில்: செயலியை அழித்தால் சந்தா நிற்காது. கைப்பேசி அமைப்பில் உங்கள் பெயரைத் தட்டி, சந்தாக்கள் பகுதிக்குப் போய் ரத்து செய்தால்தான் நிற்கும். அதுவும் இலவசக் காலம் முடிய 24 மணி நேரத்துக்கு முன்பே. முதலில் அங்கே போய் ரத்து செய்யுங்கள், இல்லாவிட்டால் அடுத்த ஆண்டும் பிடிப்பார்கள். பிறகு ஆப்பிளின் 'சிக்கலைத் தெரிவி' பக்கத்தில் பணத்தைத் திருப்பிக் கேளுங்கள். முடிவு அவர்கள் கையில், ஆனால் தாமதிக்காமல் கேட்பது நல்லது.

மறுத்துவிட்டால் பயனீட்டாளர் சங்கமான கேஸை நாடலாம். நியாய வர்த்தகச் சட்டம், விற்பவர் வெளிநாட்டில் இருந்தாலும் வாங்கியவர் இங்கே வசித்தால் பொருந்தும். ஆனால் இங்கே அலுவலகம் இல்லாத நிறுவனத்தைப் பேச்சுக்கு வரவைப்பது கடினம், அதையும் தெரிந்துகொண்டே போங்கள். இன்னொன்று: வீட்டில் பிள்ளைகளின் ஆப்பிள் கணக்கில் அந்தச் சந்தா எடுக்கப்பட்டிருந்தால் உங்கள் கைப்பேசிப் பட்டியலில் அது தெரியாது. எந்தக் கணக்கில் எடுத்தது என்பதை ரசீது மின்னஞ்சலில் பாருங்கள்.