கொய்யாவைத் தின்பது பறவை இல்லை

அடையாறு வீட்டுக் கொய்யாவில் பறவையை விரட்ட மினுமினுப்பு ரிப்பன் கட்டியும் ராத்திரியில் பழம் போய்விடுகிறது என்று எழுதியிருந்தீர்கள். ராத்திரி என்றால் அநேகமாகப் பழந்தின்னி வௌவால்தான், அது வாசனையைப் பிடித்து வந்துவிடும். விதையைப் பரப்பப் பறவையை நம்பும் பழங்கள் பெரும்பாலும் நிறத்தைக் காட்டும், மோப்பம் பிடிக்கும் விலங்கை நம்புபவை பழுக்கும்போது மணத்தை மாற்றும். மடகாஸ்கரில் லெமூர் (குரங்குக்கு உறவான விலங்கு) பரப்பும் பழங்களில் இந்த மாற்றம் பறவை பரப்புபவற்றைவிட அதிகம் என்று 2018இல் வந்த ஆய்வு காட்டியது, எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம் இது. கொய்யா வெப்பமண்டல அமெரிக்காவிலிருந்து வந்த மரம், நம்மூர் வௌவாலுக்காக உருவான மணம் இல்லை, ஆனாலும் அதற்கு எட்டிவிடுகிறது.

சரி, காய் வெளிறத் தொடங்கும்போதே பறித்து வீட்டுக்குள் பழுக்க வையுங்கள். மரத்திலேயே பழுக்க வேண்டுமென்றால் ஒவ்வொன்றாகத் துணிப்பை கட்டுங்கள். வலை மட்டும் வேண்டாம், பாவம், வௌவால் இறக்கை சிக்கிச் செத்துப்போகும்.